வேர் வழியே போன தீ

1

கோவில்பதாகையில் என்னோடு படித்தவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். 'அயல்நாட்டில் பண்ணை வைத்து முன்னேறிய நம்ம ஊர்க்காரர்' என்று தலைப்பையும் அவர்களே வைத்துக் கட்டுரை கேட்டிருந்தார்கள். மாடுகளோடு நான் நிற்கிற படம் ஒன்றும் வேண்டுமாம். இந்த வாரத்தோடு என் நிலத்தில் தீப்பிடித்து ஒரு வருடம் ஆகிறது. முன்னேறிய கதையை எழுத உட்கார்ந்தால் கை இதையேதான் எழுதுகிறது. போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும்.

ஆஸ்திரேலியாவின் தெற்கே, கடலிலிருந்து மூன்று மணி நேரம் உள்ளே தள்ளிக் கறிமாடு வளர்க்கிறேன். வந்து பதினெட்டு வருடம். ஆவடிப் பக்கம் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிற நேரத்தில் இங்கே குளிர் விட்டு வசந்தம் வரும். வசந்தம் என்றதும் படிக்கிறவர்களுக்குப் பூ ஞாபகம் வரலாம். மாடு வைத்திருப்பவனுக்குப் புல்தான். குளிர்கால மழை ஒழுங்காகப் பெய்திருந்தால் நவம்பர் கடைசிவரை புல் பச்சையாக நிற்கும். போன வருடமும் பெய்யவில்லை, அதற்கு முந்தைய வருடமும் பெய்யவில்லை. செப்டம்பரில் கணுக்கால் உயரம் வந்த புல், அக்டோபர் தொடங்கியதுமே வெளுத்துவிட்டது. நடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மாடு குடிக்கிற குட்டைகள் வற்றி நடுவில் சேறு மட்டும் மிஞ்சியது. ஒரு கிழட்டுப் பசு தண்ணீரைத் தேடி அந்தச் சேற்றுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தேன். கயிறு வந்தது, பசு வரவில்லை.

2

கொலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது தாண்டியவர், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ரோமத்துக்காக ஆடு வளர்த்தவர். நான் இங்கே இறங்கியபோது எனக்கு முதலில் வேலை கொடுத்தது அவர்தான். எட்டு வருடம் அவர் பண்ணையில் வேலை செய்தேன். பிறகு, 'நீயே மாடு வைத்துக்கொள்' என்று மேட்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார். நடுவில் ஒரு கம்பி வேலி. அந்தப் பக்கம் அவர் ஆடு, இந்தப் பக்கம் என் மாடு.

என் நிலத்தில் காற்றில் ஒடிந்து விழுந்த பெரிய கிளைகளும் பழைய அடிமரம் ஒன்றும் கிடந்தன. கோடைக்கு முன்னால் அவற்றை எரித்துவிடுவது இங்கே வழக்கம். கோடைக் கட்டுப்பாடு தொடங்கிவிட்டால் எரிக்க முடியாது. எரிப்பதற்கு முன் தொலைபேசியில் பதிய வேண்டும். எங்கே, எதை, எப்போது, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, செப்டம்பர் கடைசியில் எரித்தேன். இரண்டு நாள் நின்று எரிந்தது. மூன்றாம் நாள் சாம்பல்தான் இருந்தது.

மகள் யாழினி அப்போது விடுமுறைக்கு வந்திருந்தாள். நகரத்தில் தங்கி விவசாயம் படிக்கிறாள். கையில் மண்வெட்டியோடு சாம்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "அடிமரம் எரிந்தால் தீ மண்ணுக்குள் இறங்கும். பத்து நாளாவது தினமும் போய்த் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தலையாட்டினேன். நான் தலையாட்டுகிற விதம் அவளுக்குத் தெரியும். அதனால் தமிழில் மறுபடியும் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்று, அம்மாவைப் பார்த்து, "ரூட்டுக்குத் தமிழ்ல என்னம்மா?" என்றாள்.

"வேர்," என்றாள் செல்வி.

"வேர்ல போகும், டாட். வேர் வழியா போகும்."

இரண்டு நாள் போனேன். தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒரு கிடாரிக்குக் கன்று வயிற்றில் குறுக்கே நின்றுவிட்டது. அன்று முழுவதும் அதோடு போயிற்று. மறுநாள் தீவன லாரி வந்தது. அதற்கு மறுநாள் எந்த வேலையும் இல்லை. அன்றும் நான் போகவில்லை. இதை மட்டும் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். மறக்கவில்லை. சோம்பலாக இருந்தது, போகவில்லை.

3

அதற்கடுத்த வாரம் வடக்கிலிருந்து காற்று அடித்தது. இங்கே வடக்கு என்றால் பாலைவனம். அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி. மதியம் வீட்டு வாசலில் நின்று பார்த்தபோது மேட்டு நிலத்தில் நூல் மாதிரி ஒரு புகை தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அது நூலாக இல்லை. எரித்த இடத்திலிருந்து இருபதடி தள்ளி, வேர் போய் முடிகிற இடத்தில் தீ மண்ணைப் பிளந்து வந்து புல்லைப் பிடித்திருந்தது. என் மாடுகள் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நின்றதால் பிழைத்தன. தீ வேலியைத் தாண்டிக் கொலினின் ஆடுகள் பக்கம் போயிற்று.

தீயணைப்பு வண்டிகளில் வந்து சாயங்காலத்துக்குள் அணைத்துவிட்டார்கள். புல்தீ அப்படித்தான். வேகமாகப் போகும், வேகமாக முடியும். அதனாலேயே ஆடுகள் முழுதாகச் சாவதில்லை.

மறுநாள் காலையில் நான் கொலினோடு அந்த நிலத்துக்குப் போனேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஆடுகள் நிற்கின்றன. ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். கிட்டே போனால் ஓடவில்லை. குளம்புகள் கழன்றிருந்தன. ரோமம் அடர்த்தியாக இருக்கிற முதுகு வெறுமனே பழுப்பேறியிருக்க, ரோமமில்லாத இடங்கள் எல்லாம் வெந்துபோயிருந்தன: முகம், கால், மடி. மூன்று மாதக் குட்டிகள் பசியில் அந்த மடியைத் தேடிப் போயின. தாய் உதைத்தது. குட்டி மறுபடியும் போனது. நான் எருமைக் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவன். கன்று முட்டுவதும் தாய் தள்ளுவதும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இதைப் பார்க்க முடியவில்லை.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், சுட வேண்டியவற்றின் நெற்றியில் வண்ணப் பொடியால் கோடு போட்டார். பெரும்பாலானவற்றில் கோடு விழுந்தது. மருத்துவர் சுட ஆள் அனுப்புவதாகச் சொன்னபோது கொலின் வேண்டாம் என்றார். "என்னைத் தெரியும் இவற்றுக்கு" என்றார். அவரே சுட்டார். நான் இழுத்துக் குவித்தேன். ஒவ்வொன்றாக அவர் கிட்டே போகும்போது, தீவனம் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து அவை அவரை நோக்கித் தலையைத் தூக்கின.

நடுவில் தோட்டா தீர்ந்து, எடுத்து வர என்னைத் தன் வீட்டுக்கு அனுப்பினார். சமையலறை மேசையில் இரண்டு கோப்பை வைத்திருந்தார். வேலை முடிந்ததும் எனக்கும் சேர்த்து டீ போடுவதற்காக.

4

அண்ணன் தாமோதரன் இன்னும் கோவில்பதாகையில்தான் இருக்கிறான். அப்பா காலத்தில் இருபது எருமை கட்டியிருந்த இடத்தில் இப்போது நான்கு கறவைப் பசு. சுற்றிலும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்று அவனைக் கூப்பிட்டேன். அங்கே மழை கொட்டுகிறது, கொட்டகைக்குள் தண்ணீர் வந்து பசுக்களை மேட்டு ரோட்டில் கட்டியிருக்கிறேன் என்றான். இங்கே வாயைத் திறந்தால் புழுதி.

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்தான்.

"இன்னாடா, ஆடுதான செத்துச்சி? மன்சன் யாரும் சாவலியே?"

"அண்ணா, ஜெயில்கூடப் போடலாம். போய்ப் பாத்தியான்னு கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும். பாஷை புரியலன்னு சொல்லு. வெள்ளக்காரனாண்ட அது போதும். நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்கற?"

வாயைத் திறக்காதே. இதை அவன் எனக்குச் சொல்வது முதல் தடவை இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில், சித்திரை மாதத்தில், எங்கள் வைக்கோல் போர் எரிந்தது. அதன் பின்னால் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அப்பாவின் செருமல் கேட்டதும் பீடியை வைக்கோலுக்குள் செருகிவிட்டு நழுவினேன். போருக்குப் பக்கத்தில் கட்டியிருந்த இரண்டு எருமைகள் கட்டுத்தறியிலேயே செத்தன. எருமை மேய்க்கச் சம்பளத்துக்கு இருந்த சம்பத், அவற்றை அவிழ்க்கப் போய் இரண்டு உள்ளங்கையும் பொசுக்கிக்கொண்டான். அப்பா அவனைத்தான் பிடித்தார். சம்பத் பீடி குடிப்பான், ஊருக்கே தெரியும். தாம்புக் கயிற்றை மடித்து அடித்தார். "நான் இல்ல நைனா, நான் இல்ல நைனா" என்று பொசுங்கிய கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே அடி வாங்கினான். அண்ணன் என்னைப் பார்த்திருந்தான். என் முழங்கையைப் பிடித்து, "உள்ள போ. வாயத் தொறக்காத" என்றான். உள்ளே போனேன். அன்றே சம்பத்தைத் துரத்திவிட்டார்கள்.

இத்தனை வருடம் கேட்காததை அன்று போனில் கேட்டேன்.

"சம்பத்து எங்க கீறான் இப்ப?"

"எந்த சம்பத்து?"

"நம்ம ஊட்ல எருமை மேச்சானே."

"அவனா? செத்து ரெண்டு வர்சம் ஆவுது. முகப்பேர்ல ஒரு அபார்ட்மென்ட்டுல வாட்ச்மேனா இருந்தான். கேட்டாண்டயே உழுந்துட்டான். இன்னாத்துக்கு அவன இப்ப கேக்கற?"

"சும்மாதான்."

"சொன்னத நெனப்புல வச்சிக்கோ. பாஷை புரியல. அவ்ளோதான்."

5

ஊர்க் கூடத்தின் பக்கத்து அறையில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் தீயணைப்புத் துறையிலிருந்து வந்த அதிகாரி, ஒரு பெண்மணி. இந்தப் பக்கம் நான். நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் கொலினையும் வரச் சொல்லியிருந்தார்கள். செல்வியும் யாழினியும் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் துணையாக இருக்க யாழினி நகரத்திலிருந்து வந்திருந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அண்ணனின் யோசனைப்படி அதில் குறி போட்டிருந்தேன். மேசையில் இருந்த தொலைபேசியில் ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண்மணி பேசினார். அதிகாரியின் முதல் கேள்வியை எனக்குச் சொன்னார்:

"நெருப்பை நூத்துப்போட்டீங்களோ எண்டு கேக்கினம், ஐயா."

நான் முழித்தது நடிப்பில்லை. எனக்கு நூற்பது என்றால் நூல்தான்.

"அணைச்சுப்போட்டீங்களோ எண்டு, ஐயா."

அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார். அவர் குரல் மெதுவாகிவிட்டது. குழந்தையோடு பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்தார். இந்த மாதிரிப் பேச்சு கேட்டால் எனக்குக் கோபம் வரும். அன்று வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

தீ அணைந்த பிறகும் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்டார். கேள்வி எனக்கு ஆங்கிலத்திலேயே புரிந்தது. தமிழில் வரும்வரை காத்திருந்தேன். பிறகு தமிழில் சொன்னேன்: "சொல்லியிருக்கலாம். எனக்குப் புரியல. நெருப்பு அணைஞ்சா முடிஞ்சதுன்னு நெனச்சேன்."

அது ஆங்கிலமாகிப் போனது. அதிகாரி எழுதினார்.

அப்போது கொலின் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் ஒன்று சொல்லலாமா என்று கேட்டார். "தப்பு என்னுடையது" என்றார். "இத்தனை வருடம் கூட இருக்கிறான். எல்லாம் புரிகிறது என்று நினைத்துவிட்டேன். புரியாமல்தான் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நானே கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும். என் ஆடுகள் செத்தது என்னால். இவனை ஒன்றும் செய்யாதீர்கள்." நான் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் போதும் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

யாழினி எழுந்தாள்.

"அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்" என்றாள், ஆங்கிலத்தில். "வேர் வழியாகத் தீ போகும், பத்து நாள் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். இரண்டு மொழியிலும் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. இரண்டு நாள் போனார். பிறகு போகவில்லை."

தொலைபேசியில் இருந்த பெண்மணிக்கு என்ன தெரியும்? அவர் வேலை அவருக்கு. ஒரு சொல் விடாமல் எனக்கு மொழிபெயர்த்தார்:

"உங்கட மகள் சொல்லுறா, ஐயா, உங்களுக்கு இங்கிலீஷ் வடிவாத் தெரியுமாம். தான் சொன்னதாம். உங்களுக்கு விளங்கினதாம். நீங்கள் போகேல்லையாம்."

நான் அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிடலாம் என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். மீதிக் கேள்விகளுக்கு எல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். கொலின் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

6

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் யாழினியிடம், "இனிமே என்னை அப்பான்னு கூப்பிடாதே" என்றேன்.

பின் சீட்டில் இருந்து, "சரி" என்றாள். தமிழில் சொன்னாள். அவள் தமிழில் சுத்தமாகச் சொல்கிற சில சொற்களில் அதுவும் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். செல்வி நூம்பல் ஊர்க்காரி, லேசில் அழ மாட்டாள். அன்று கதவை மறித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"கூப்டுய்யா அவள! தப்பு நீ பண்ணிக்கினு அவளத் தொரத்துறியே, மனசாட்சி கீதா உனக்கு?"

"அப்பனக் காட்டிக் கொடுத்தவ போவட்டும்."

"நானுந்தான் கூட இருந்தேன். வேருன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். வாய மூடிக்கினு குந்திக்கினு இருந்தேனே, என்னை இன்னா பண்ணப் போற?"

யாழினி அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் போனாள். அவள் கார் போன புழுதி அடங்க நேரமாயிற்று. அந்த வருடம் எல்லாப் புழுதியும் அப்படித்தான்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. குற்றவாளி என்று பதிவாயிற்று. இந்த நிலத்தில் நான் இனி எதையும் எரிக்கக் கூடாது என்று உத்தரவு. ஜெயில் இல்லை. அண்ணன் போன் பண்ணி, "அவ்ளோதானா? இதுக்கா பயந்த?" என்றான்.

கொலின் மிச்சமிருந்த ஆடுகளை விற்றார். நிலத்தையும் ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, தங்கையோடு டவுனில் இருக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். புறப்படுகிற அன்று என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசினார். குத்தகை முடியும்வரை என்னை வெளியேற்றக் கூடாது என்று வாங்கியவர்களிடம் எழுதி வாங்கியிருக்கிறேன் என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தீயை விட்டதற்கு உன்னை மன்னித்துவிட்டேன். நானும் வாலிபத்தில் அப்படி விட்டிருக்கிறேன். காற்று இல்லாததால் பிழைத்தேன். ஆனால் அந்த அறையில், என் ஆடுகளைக் கொன்றது நான்தான் என்று என்னை நினைக்க வைத்தாய். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்."

அவ்வளவுதான். போய்விட்டார். டவுனில் ஒரு முறை தீவனக் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

7

இந்த வசந்தமும் மழை இல்லை. கொலினின் நிலத்தில் இப்போது யாரும் ஆடு விடவில்லை. மேய வாயில்லாததால் புல் முழங்கால் உயரம் நின்று காய்ந்து கிடக்கிறது. காற்று அடித்தால் என் வேலிவரை சரசரவென்று சத்தம் வருகிறது. நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்தது, கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. நானே வேலி ஓரமாக டிராக்டர் ஓட்டி, பதினைந்தடி அகலத்துக்கு மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கம் தீ பிடித்தால் அது இந்தப் புரட்டிய மண்ணோடு நின்றுவிட வேண்டும்.

யாழினி அம்மாவோடு வாரா வாரம் பேசுகிறாள். என்னோடு பேசுவதில்லை. படிப்போடு இப்போது அவள் இருக்கும் பகுதியின் தீயணைப்புத் தொண்டர்களோடும் சேர்ந்திருக்கிறாள். சீருடையில் நிற்கிற படத்தைச் செல்விதான் காட்டினாள். தலைக்கவசம் பெரிதாக இருந்தது.

நேற்று வானிலை அறிக்கையில் வடக்குக் காற்று என்று சொன்னார்கள். இன்று காலையில் என் கைப்பேசியில் யாழினியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பதினோரு மாதத்தில் முதல் செய்தி. ஆங்கிலத்தில், டாட் என்று கூப்பிடாமல்: "வேலி ஓரம் உழுதாயிற்றா?"

"ஆயிற்று. நல்ல அகலமாக. கவலைப்படாதே. எப்படி இருக்கிறாய்?" என்று எழுதினேன்.

"படம் அனுப்பவும்."

வேலிக்கு நடந்து போய் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். புரட்டிய மண் சிவப்பாக, சுத்தமாகத் தெரிந்தது. பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதிலுக்குக் காத்துக்கொண்டு வெயிலில் நின்றேன்.

"கிழக்குப் பக்கம்?"

கிழக்குப் பக்கத்து வேலி முக்கால் மைல் தள்ளி. அங்கேயும் உழுதிருந்தேன். அதை எழுதினால் அவள் நம்ப மாட்டாள் என்று தெரிந்ததால் எழுதவில்லை. தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, கைப்பேசியும் கையுமாகக் கிழக்கே நடக்க ஆரம்பித்தேன்.